தலையெழுத்தைக் கணக்கிடலாமா?



சில காலத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமைக் காலை. பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் நம்மிடம் வந்து நின்றான். அதற்கு முந்திய வாரம் அவனுடைய தந்தை மோரிப் சாலையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து, தலையில் பலத்த அடிபட்டு, பந்திங்கிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தார். பையனின் கையில் பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. மருத்துவர் சொல்லச் சொல்ல அவன் சித்தப்பா எழுதி வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: கண் 2, பேச்சு 2, அசைவு 4, மொத்தம் 8.

"சார், பதினைந்துக்கு எட்டாம். அப்பா பாஸா, பெயிலா?" என்று கேட்டான்.

எத்தனையோ ஆண்டுகளாக மதிப்பெண் போட்டுப் பழகிய நமக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் பாட்டி, "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லி அழுகிறாராம். மருத்துவமனையில் எண் எழுதுகிறார்கள். வீட்டில் எழுத்து என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? அந்த எண்ணை யார் கண்டுபிடித்தார்கள்? எதற்காகக் கண்டுபிடித்தார்கள்? அதைக் கொண்டு ஒரு மனிதரின் நாளையைச் சொல்லிவிட முடியுமா? இவற்றுக்கு விடை தேடிப் படித்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

விடையைத் தேடி முதலில் நாம் போக வேண்டிய இடம் மருத்துவமனை அன்று. நமக்கு நன்கு தெரிந்த செம்பனை ஆலைக்கே போவோம்.

பந்திங் வட்டாரத்திலும் கேரித் தீவிலும் வாழ்கிறவர்களுக்கு ஆலையின் வாடையும் சங்கின் ஓசையும் புதியவை அல்ல. தோட்டத்திலிருந்து வந்த குலைகளை முதலில் பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளி நீராவியில் வேகவைக்கிறார்கள். அப்படி வேகவைத்தால்தான் பழம் குலையிலிருந்து எளிதில் உதிரும். எண்ணெயும் கெட்டுப் புளிப்பேறாமல் இருக்கும். அந்த நீராவியைத் தருவது கொதிகலன். பழத்திலிருந்து வந்த நாரும் ஓடுமே அதற்கு விறகு.

பழைய ஆலைகளில் கொதிகலன் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கண் இரண்டு இடத்தை விட்டு அகலாது. ஒன்று, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். மற்றொன்று, அழுத்தம் காட்டும் வட்ட முகப்பில் உள்ள முள். முள் இறங்கினால் நாரைக் கூட்டுவார்கள். ஏறினால் குறைப்பார்கள். தண்ணீர் குறைந்தால் திறப்பார்கள். கண்ணயர்ந்தால் ஆபத்து.

அவர்கள் செய்த வேலையில் மூன்று படிகள் உண்டு. முதலாவது, அளப்பது. இரண்டாவது, இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிடுவது. மூன்றாவது, வித்தியாசத்துக்கு ஏற்பத் திருத்துவது. திருத்திய பிறகு மறுபடியும் அளக்க வேண்டும். இந்தச் சுற்று ஓயாமல் நடக்கும். விஞ்ஞானிகள் இதைப் பின்னூட்டம் என்கிறார்கள். மனிதர் நின்று செய்த இந்த வேலையை இயந்திரமே செய்யுமானால் அது தானியங்கிக் கட்டுப்பாடு.

அப்படி ஓர் ஏற்பாட்டை நீராவி இயந்திரத்தில் பொருத்திப் புகழ்பெற்றவர் ஜேம்ஸ் வாட். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்பவராகவும் பழுது பார்ப்பவராகவும் தொழில் நடத்தியவர் அவர். 1788-இல் சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகளைக் கொண்டு இயந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து உயரும். நீராவி வரும் வழி சுருங்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வழி விரியும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. கிளாஸ்கோ என்ற ஊர்ப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மறுபடியும் அது வரும்.

ஆனால் திருத்துவது என்பது அத்தனை எளிய காரியம் அன்று. முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டும் பிள்ளையைப் பாருங்கள். வலப்பக்கம் சாய்ந்தால் கைப்பிடியை அளவுக்கு மீறி வலப்பக்கமே திருப்புகிறான். அதனால் இடப்பக்கம் சாய்ந்ததும் மறுபடி அளவுக்கு மீறி இடப்பக்கம். கடைசியில் கால்வாயில் விழுகிறான். இயந்திரங்களும் இப்படித்தான் தடுமாறின. எவ்வளவு திருத்தினால் போதும் என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்து 1868-இல் கட்டுரை எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்.

இதற்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? அமெரிக்கக் கணித மேதை நார்பர்ட் வீனர் இதே கேள்வியைத்தான் எழுப்பினார். திருத்தம் அளவு மீறினால் இயந்திரம் ஆடுகிறதே, மனித உடலிலும் அப்படி ஆடும் நோய் உண்டா என்று, மெக்சிகோவைச் சேர்ந்த தம் நண்பரான உடலியல் அறிஞர் ஆர்ட்டூரோ ரோசன்புளூத்திடம் விசாரித்தார். உண்டு என்றார் அவர். சிறுமூளையில் பழுது ஏற்பட்டவர் ஒரு பென்சிலை எடுக்கக் கை நீட்டினால், கை அதைத் தாண்டிப் போகும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். சும்மா இருக்கும்போது இல்லாத நடுக்கம், ஒன்றை எடுக்கப் போகும்போது வந்துவிடும். இயந்திரமும் உயிரும் ஒரே விதிக்கு உட்பட்டு நடக்கின்றன என்ற இந்தக் கருத்தை வீனர் 1948-இல் நூலாகவே வெளியிட்டார். அன்றிலிருந்து ஆலைக் கட்டுப்பாட்டை ஆராய்கிறவர்களும் மூளையை ஆராய்கிறவர்களும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் மற்றவர் வந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது.

இந்தத் துறையில் நம் பக்கத்து அறிஞர் ஒருவரையும் சொல்ல வேண்டும். இப்ராகிம் மம்தானி என்பவர் டான்சானியாவில் பிறந்தவர். இந்தியாவில் பூனா பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1970-களின் நடுவில் இலண்டனில் தம் மாணவரோடு சேர்ந்து ஒரு சிறு நீராவி இயந்திரத்தை வைத்துப் புதுமையான சோதனை செய்தார். "அழுத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தால் வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டு, மிகவும் குறைவாக இருந்தால் நன்றாகக் கூட்டு" என்று அனுபவசாலிகள் வாயால் சொல்லும் விதிகளையே கணிப்பொறிக்குச் சொல்லிக் கொடுத்தார். இயந்திரம் அதன்படி நடந்தது. 'கொஞ்சம்', 'மிகவும்' என்ற சொற்களைக் கணக்குக்குள் கொண்டுவரும் வழியை 1965-இல் லோட்பி சாதே வகுத்திருந்தார். பின்னர் சிமெண்டு ஆலைகளின் சூளையிலும், 1987-இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க இரயிலிலும் இந்த முறை ஓடியது. கொதிகலன் பக்கத்தில் நின்ற படிக்காத தொழிலாளியின் அனுபவ அறிவும் விஞ்ஞானமே என்பதை இது காட்டவில்லையா?

சரி, இனி மண்டைக்குள் போவோம்.

நம் மண்டையோடும் ஒரு மூடிய கலன்தான். அதற்குள் மூளை, இரத்தம், மூளையைச் சூழ்ந்த நீர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. அடிபட்டு மூளை வீங்கினாலோ, உள்ளே இரத்தம் கசிந்து தேங்கினாலோ, ஓடு எலும்பாக இருப்பதால் விரிந்து கொடுக்க முடியாது. அழுத்தம் ஏறும். கொதிகலனுக்காவது நீராவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு உண்டு; மண்டையோட்டுக்கு அப்படி ஒன்று இல்லை. அழுத்தம் ஏற ஏற இரத்தம் மூளைக்குள் போக முடியாமல் திணறும். நல்ல நிலையில் உள்ள மூளை தன் இரத்த ஓட்டத்தைத் தானே சரிப்படுத்திக்கொள்ளும். அதுவே வாட் செய்த குண்டுகளைப் போன்ற ஓர் ஏற்பாடுதான். பலத்த காயத்தில் அந்த ஏற்பாடு பழுதாகிவிடுகிறது. அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களும் திரைகளும் சூழ, உடல் உள்ளே செய்ய வேண்டிய கட்டுப்பாட்டை மனிதரும் கருவியும் வெளியிலிருந்து செய்கிறார்கள்.

கட்டுப்படுத்த வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டும் அல்லவா? மயக்கத்தை எப்படி அளப்பது? ஒரு காலத்தில் ஒரு மருத்துவர் 'அரை மயக்கம்' என்பார். மற்றொருவர் 'ஆழ்ந்த மயக்கம்' என்பார். இருவரும் ஒரே நோயாளியைப் பார்த்திருப்பார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர்கள் அதே கிளாஸ்கோ நகரத்து அறிஞர்கள். கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் என்னும் இருவரும் 1974-இல் மயக்க அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் வழங்குவது அதுவே.

அது மூன்றே கேள்விகள் கேட்கிறது. கண் திறக்கிறாரா? தானாகத் திறந்தால் 4, கூப்பிட்டால் திறந்தால் 3, அழுத்தி நோகச் செய்தால் திறந்தால் 2, திறக்கவே இல்லை என்றால் 1. அடுத்து, பேசுகிறாரா? தெளிவாகப் பேசினால் 5, குழம்பிப் பேசினால் 4, ஒன்றிரண்டு சொல் வந்தால் 3, வெறும் முனகல் என்றால் 2, ஒன்றுமே இல்லை என்றால் 1. மூன்றாவது, அசைகிறாரா? சொன்னபடி கையைத் தூக்கினால் 6. அதிலிருந்து படிப்படியாக இறங்கி, அசைவே இல்லை என்றால் 1. எல்லாம் கூட்டினால் உச்சம் 15, மிகக் குறைந்தது 3. இந்தக் கணக்கில் பூஜ்யம் வாங்குபவர் எவரும் இல்லை. 13 முதல் 15 வரை இலேசான காயம். 9 முதல் 12 வரை நடுத்தரம். 8-உம் அதற்குக் கீழும் கடுமையானது. தொண்டையில் குழாய் போட்டிருந்தால் பேச்சைச் சோதிக்க முடியாது. அதைத் தனியே குறித்து வைப்பார்கள். பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே நம் மாணவன் கொண்டு வந்த தாளின் பொருள் இதுதான். அவன் தந்தை நோகச் செய்தால் கண் திறந்தார், முனகினார், வலித்த கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அது பரீட்சையின் முடிவு அன்று. கொதிகலன் முள் அந்த நேரத்தில் காட்டிய அளவு, அவ்வளவுதான். ஒருமுறை பார்த்த முள்ளைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். அதனால்தான் தாதியர் திரும்பத் திரும்ப வந்து பெயரைக் கேட்கிறார்கள். கையைத் தூக்கச் சொல்கிறார்கள். "தூங்கவிடாமல் தொந்தரவு செய்கிறார்களே" என்று நாம் கோபப்படக் கூடாது.

இனி, வருங்காலத்தைக் கணிப்பது பற்றிப் பார்ப்போம். கிளாஸ்கோ அறிஞர்கள் அளப்பதோடு நிற்கவில்லை. காயம்பட்டவர் பின்னர் எப்படி ஆனார் என்பதை ஐந்து நிலைகளாக 1975-இல் வகுத்தார்கள்: இறப்பு, உணர்வின்றி உயிர் மட்டும் இருத்தல், பிறரை நம்பி வாழும் கடும் ஊனம், குறையோடு இருந்தாலும் தானாக வாழும் நிலை, நல்ல குணம். அடுத்த ஆண்டே, பல ஊர் நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து, முதல் சில நாள் அளவுகளிலிருந்து முடிவைக் கணிக்க முடியும் என்று காட்டினார்கள்.

அதன்பின் நடந்த மிகப் பெரிய ஆய்வு ஒன்று 1999 முதல் 2004 வரை பல நாடுகளில் நடைபெற்றது. 10,008 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு மருந்து நல்லது என்று பல்லாண்டுகளாக நம்பிக் கொடுத்து வந்தார்கள். கணக்குப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தோர் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9 விழுக்காடு. நன்மை என்று நினைத்தது தீமையாக இருந்தது! ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். அளந்து பார்க்காத நம்பிக்கை உயிரையும் வாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தப் பதினாயிரம் பேரின் விவரங்களைக் கொண்டு 2008-இல் ஒரு கணிப்புமுறை வெளிவந்தது. வயது, மயக்க அளவு, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, உடலில் வேறு பெரிய காயம் உண்டா என்ற நான்கு விவரங்களைக் கொடுத்தால், இறக்கும் வாய்ப்பையும் ஊனமாகும் வாய்ப்பையும் சொல்லும். மண்டையைப் படம் எடுத்த விவரத்தையும் சேர்த்தால் கணிப்பு இன்னும் துல்லியமாகும். நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வளமான நாடுகளுக்கு ஒரு கணக்கும், வசதி குறைந்த நாடுகளுக்கு வேறொரு கணக்கும் என்று இரண்டு கணக்குகள் போட வேண்டியிருந்தது. அதே வயது, அதே அளவு, அதே காயம். ஆனால் முடிவு வேறு. பிரம்மா எழுதிய எழுத்தானால் நாட்டுக்கு நாடு மாறுமா? எத்தனை விரைவில் மருத்துவமனை போனார், அங்கே என்ன கருவி இருந்தது, யார் கவனித்தார் என்பவையும் சேர்ந்தே அந்த எழுத்தை எழுதுகின்றன.

கணிப்பு என்பது வானிலை அறிக்கை போன்றது. 'இத்தகைய நூறு பேரில் இத்தனை பேர் பிழைப்பார்கள்' என்று அது சொல்லும். நம் வீட்டுக்காரர் அந்த நூறில் எந்தப் பக்கம் என்று சொல்லாது. சொல்லவும் முடியாது.

கணிப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. 1993-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சில மருத்துவமனைகளில் கணிப்பொறியின் கணிப்பை மருத்துவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். தேறுவார் என்று கணிப்பு வந்தவர்களுக்குத் தீவிர சிகிச்சை கூடியது. தேறமாட்டார் என்று வந்தவர்களுக்குக் குறைந்தது. மருத்துவர் யாரும் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். இருந்தும் எண் அவர்கள் கையை அசைத்துவிட்டது. 'இந்த அடுப்பு அணைந்துவிடும்' என்று முள் சொன்னதை நம்பி நார் போடாமல் போனால், அடுப்பு அணையத்தான் செய்யும். பிறகு 'முள் சொன்னது சரிதான்' என்று நாமே சாட்சியும் சொல்வோம். 'இவனுக்குக் கணக்கு வராது' என்று ஆசிரியர் முடிவு கட்டிவிட்ட மாணவனுக்கும் இதே கதிதான். இதைச் சொல்லும்போது நாம் ஆசிரியர் என்ற முறையில் கொஞ்சம் தலைகுனிந்தே சொல்கிறோம்.

அப்படியானால் கணிப்பு வேண்டாமா? வேண்டும். திருத்துவதற்காகக் கணிக்க வேண்டும், கைவிடுவதற்காக அன்று. நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. கடும் நோயில் இரத்தச் சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதற்கென உருவாக்கிய கணிப்பொறி முறை, மலேசிய ஆராய்ச்சியாளர்களின் ஒத்துழைப்போடு குவாந்தானில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சோதிக்கப்பட்டது. தாதியர் சர்க்கரையை அளந்து எண்ணைக் கொடுப்பார். அடுத்த சில மணி நேரத்தில் சர்க்கரை எங்கே போகும் என்று கணிப்பொறி கணக்கிட்டு, இவ்வளவு இன்சுலின், இவ்வளவு உணவு என்று யோசனை சொல்லும். தாதியர் கொடுத்துவிட்டு மறுபடி அளப்பார். அளப்பது, கணிப்பது, திருத்துவது, மறுபடி அளப்பது. ஆலையும் ஆஸ்பத்திரியும் ஒன்றாகச் சேர்ந்த இடம் இதுதான். கைப்பிடி மனிதர் கையில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி, இந்தச் சுற்றில் நம் பங்கு என்ன என்று பார்ப்போம். முதல் கட்டுப்பாடு நம் தலையில்தான் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி இந்நாட்டில் 1973-லிருந்தே இருக்கிறது. 'கடைக்குத்தானே, பக்கத்துத் தோட்டத்துக்குத்தானே' என்று கைப்பிடியில் மாட்டிச் செல்லும் கவசம் கைப்பிடியைத்தான் காக்கும். தாடைப் பட்டை பூட்டாத கவசம் நமக்கு முன்னே பறந்துவிடும். உயரமான மரத்தில் குலை வெட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். விழும் குலை தலையைப் பார்த்து விலகுவதில்லை.

அடிபட்டவரை எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் புகட்டாதீர்கள். கழுத்தைத் திருப்பாதீர்கள். 999-க்கு அழையுங்கள். எழுந்து நடந்து 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு வந்தவரையும் ஒரு நாள் முழுவதும் கண்காணியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிவரும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாதல், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மலேசியா உட்பட 29 நாடுகளில் நடந்து 2019-இல் முடிவு வெளியான ஆய்வு ஒன்று, இரத்தக் கசிவைத் தடுக்கும் ஒரு மருந்தை அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், இலேசான, நடுத்தரமான காயம்பட்டவர்களில் இறப்பு குறைகிறது என்று காட்டியது. காயம்பட்டவருக்கு மணி நேரமும் மருந்துதான்.

வேலை நேரத்தில் மட்டுமன்றி, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. மலாக்காவில் 2014-லிருந்து அதன் மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. ஆகவே போலீஸ் புகாரையும் மருத்துவச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். மூளை ஒரு வாரத்தில் ஆறும் புண் அன்று. மாதக் கணக்கில் மெல்ல மெல்லத் தேறும். முன்போல் வேகமாகப் பேசாதவரை, பெயர் மறப்பவரை, சட்டென்று கோபப்படுபவரைச் 'சோம்பேறி' என்றும் 'மாறிவிட்டார்' என்றும் சொல்லாதீர்கள். அதுவும் காயத்தின் ஒரு பகுதிதான்.

அந்த மாணவனிடம் அன்று நாம் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, இது பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. இன்றைக்கு எடுத்த அளவு. நாளைக்கும் கேட்டு எழுதி வா." ஒரு கோட்டுத் தாளைக் கொடுத்தோம். கணிதப் பாடத்தில் நாம் வரையும் வரைபடம்தான். கீழே நாள், பக்கத்தில் எண். அவன் தினமும் ஒரு புள்ளி வைத்தான். கோடு சில நாள் நேராகக் கிடந்தது. ஒரு நாள் இறங்கியது. அன்று அவன் பள்ளிக்கு வரவில்லை. பிறகு 9 ஆயிற்று, 11 ஆயிற்று. ஐந்தாம் வாரத்தில் அவன் தந்தை அவன் பெயரைச் சொன்னார்.

அவர் இன்று வீட்டில் இருக்கிறார். குலை வெட்டப் போக முடியவில்லை. தோட்டத்து நாற்று மேடையில் இலேசான வேலை பார்க்கிறார். பேச்சு சற்றுத் தாமதம். இரண்டு முறை சொன்னால்தான் சில விஷயங்கள் நினைவில் நிற்கின்றன. ஐந்து நிலைகளில் அவர் நான்காவதில் நிற்கிறார் என்று புத்தகம் சொல்லும். அந்த வரைபடத் தாளை அவர் மனைவி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

தலையெழுத்தைக் கணக்கிடலாமா என்று கேட்டுத் தொடங்கினோம். ஓரளவு கணக்கிடலாம், நேயர்களே. ஆனால் அந்தக் கணக்கில் நம் தலைக்கவசமும், நாம் விரைந்து செய்யும் உதவியும், மருத்துவரின் விடாமுயற்சியும், வீட்டாரின் பொறுமையும் சேர்ந்தே வரும். கணக்கு முடியும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.